சொல்லிவிட மறந்த நிழல்

பம்புரூம் தெருவின் கடைசி வீட்டுத் தோட்டத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி, துண்டு போட்டு, லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் காலையில், சூரியன் வயல்களுக்கு மேலே ஒரு முழம் ஏறியதும், அந்த மரத்தின் நிழல் எப்போதும்போல வந்து சமையலறைச் சுவரோரம் படுத்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த குழல்வாய்மொழி, பால் பொங்கப் போகிறதே என்று திரும்பி அடுப்பைத் தணித்துவிட்டு, மறுபடியும் ஜன்னலுக்கு வந்தபோது அது அங்கேயேதான் இருந்தது. காற்றடித்தால் இலை இலையாக அசைந்தது, காற்று நின்றால் தானும் நின்றது. முந்தைய நாள்வரை அதில் இருந்த காக்கைக் கூடுகளும் தாவும் அணில்களும் மட்டும் அதில் இல்லை.

அவற்றையெல்லாம் அவள்தான் போகச் சொல்லியிருந்தாள்.

செங்கோட்டைக்குக் கிழக்கே அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மரத்தை வெட்டுவதென்றால், அதற்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்காரர் மரத்தடியில் பொங்கலும் தேங்காயும் வைத்து, அதில் குடியிருக்கும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இடம் மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாமல் விட்டவர் போகக் கடமைப்பட்டவர் அல்ல. மரம் வெட்டும் ஊர்க்காவலன் என்பவர் இதில் கறார். சொல்லி முடிக்காத மரத்தில் அவர் அரிவாளை வைத்ததில்லை.

குழல்வாய்மொழிக்கு அது சிரமமாகவே இல்லை. முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இந்த ஊரை அந்த ஊரோடு இணைத்துக் கொடுத்தவள், எண்களையும் பெயர்களையும் மறந்தறியாதவள், ஊருக்கெல்லாம் எக்ஸ்சேஞ்ச் அக்கா. காக்கையைச் சொன்னாள், மைனாவைச் சொன்னாள், கட்டெறும்பையும் முசுறு எறும்பையும் தனித்தனியாகச் சொன்னாள், பொந்தில் இருந்த ஆந்தையை, மேற்குக் கிளையில் இருந்த தேன்கூட்டை, மரத்தின்மேல் மரமாக ஒட்டி வளர்ந்த புல்லுருவியை, கண்ணுக்குத் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களையும் மரியாதையாகச் சொன்னாள்.

"வேற யாரும் பாக்கி இருக்காவளா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார் ஊர்க்காவலன்.

"ஒருத்தரும் இல்ல" என்றாள்.

நிழல் காலடியில்தான் கிடந்தது. அதை மரத்தில் குடியிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது அவள் கூப்பிட்டனுப்ப, ஊர்க்காவலன் வந்து பார்த்தார். மரம் நின்ற இடத்தில் இருந்த குழியைப் பார்த்தார், வெறும் வானத்தைப் பார்த்தார், தன் தலையில் விழுந்த இலைநிழலைத் துண்டால் தட்டிப் பார்த்தார்.

"நிழலைச் சொன்னியளா?"

"இல்ல."

"அப்போ அது என்ன செய்யும், பாவம்" என்றார். வெயிலில் வந்த களைப்புக்குச் சற்று நேரம் அதிலேயே உட்கார்ந்து, கேட்டு வாங்கி மோர் குடித்துவிட்டுப் போனார்.

கூப்பிடாமலே முதலில் வந்தது கிழக்குப் பக்கத்து வீட்டுச் சைனம்பு. மரத்தை வெட்டியதே அவளால்தான் என்றும் சொல்லலாம். போன சாரல் மழையில் ஒரு கிளை முறிந்து அவள் வீட்டு ஓட்டின்மேல் விழுந்தது. பிற்பகலானால் நிழல் நகர்ந்து அவள் முற்றத்துக்குள் போய்விடும், அவள் போடும் வத்தல் காயாது.

"ஏக்கா, மரத்த வெட்டியும் எனக்கு விடிவு இல்லையா? இதுக்கு அந்த மரமே நின்னிருக்கலாம், விறகாச்சும் கிடைக்கும்."

"நான் என்ன செய்ய, சைனம்பு? சுருட்டி உள்ள வைக்க இது என்ன பாயா?"

"சுருட்டிப் பாத்தியளா?"

இருவரும் சிரித்தார்கள். அதன்பின் சைனம்பு வத்தலைக் காலையிலேயே காயப்போட்டு மத்தியானம் எடுத்துவிடப் பழகினாள்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்து, ஒரு பதிவேட்டில் 'மரம் இல்லை, நிழல் ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனார். கோயில் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். அவர்கள் போனதும் குழல்வாய்மொழி அதை எடுத்துத் துணி துவைக்கும் இடத்தில் போட்டாள். இரண்டு கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு பெஞ்சு கொண்டுவந்து போட, எதில் யார் உட்காருவது என்று ஒரு வாரம் தகராறு நடந்து, பிறகு இரண்டிலும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அண்ணாந்து பார்க்கும் பழக்கமே தெருவில் போய்விட்டது. யாராவது மேலே பார்த்தால் அவர் வெளியூர் என்று தெரிந்துகொண்டு சிரிப்பார்கள்.

மரம் இருந்தவரை அதன் அடியில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. எச்சம் விழும், கம்பளிப்பூச்சி விழும், காய் விழுந்து செருப்பில் பிசுபிசுக்கும். இப்போதோ விழுவதற்கு மேலே ஒன்றும் இல்லை. இஸ்திரி போடும் பிச்சைக்கண்ணு தன் தள்ளுவண்டியைக் கேட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். ஆட்டோக்காரர்கள் சவாரி இல்லாத நேரத்தில் சீட்டாடினார்கள். பூக்கட்டும் பெண்கள் கூடையோடு வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, அந்த நிழலில் எந்த முகமும் சாந்தமாகத் தெரிகிறது என்று, பெண்ணை அங்கேயே அழைத்துவரச் சொன்னார்கள். மாலை ஐந்து மணிக்கு, தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் கூம்பும் நேரத்தில், நிழலும் மெல்ல மெலிந்து கோடு கோடாகிப் போகும். அப்போது அவர்கள் துணியையும் சீட்டையும் பூவையும் எடுத்துக்கொண்டு, மணி பார்க்காமலே எழுந்து போவார்கள்.

குழல்வாய்மொழிக்கு அது புதிது. அம்மா செத்து ஒன்பது வருடம், தம்பி மஸ்கட்டில், கல்யாணம் என்பது பேச்சாகத் தொடங்கிப் பேச்சாகவே நின்றுபோனது; ஊருக்கெல்லாம் பேச்சை வாங்கிக் கொடுத்தவளின் வீட்டில் காலையில் தொடங்கும் மௌனம் இரவுவரை அப்படியே கிடக்கும். இப்போது அவள் பானையில் தண்ணீர் வைத்தாள், வெட்டிவேர் போட்டாள், இரண்டு தம்ளர் பத்தாமல் ஆறு தம்ளர் வைத்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே அரிசி பொறுக்கும்போது வெளியே கேட்கும் சண்டையும் சிரிப்பும் அவள் கைக்கு ஒரு தாளத்தைக் கொடுத்தன.

ஆனாலும் அந்தக் குழி அவளை உறுத்தியது. எல்லோரும் அதைச் சுற்றி நடந்தார்கள், அவளால் நடக்க முடியவில்லை. அதில் ஒரு மரம் நட வேண்டும் என்று நினைத்தாள். எலுமிச்சை வைத்தாள், அது கம்பிபோல நீண்டு வெளுத்துப் போய்ச் செத்தது. கொய்யா வைத்தாள், நாலு இலை விட்டு, வெளிச்சம் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, கழுத்து ஒடிந்தவர்போலத் தலையைத் தொங்கப்போட்டது. மூன்றாவதாக வெட்டி ஊன்றிய முருங்கைப் போத்து அழுகியபோது, பஸ் ஏறிப் புளியரையில் நர்சரி நடத்தும் லில்லிபாயிடம் போனாள்.

லில்லிபாய் கறுத்த, உயரமான பெண். சேலைக்கு மேலே ஆண்களின் சட்டை போட்டிருப்பாள். செடி கேட்டு வருகிறவர்களைக் கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடுவாள்.

"நிழல்னா என்ன நிழல்? சுவர் நிழலா, மர நிழலா?"

"மர நிழல். மரம் இல்ல."

"கேள்விப்பட்டேன். அந்த வீடா நீங்க? அப்போ வேரோட சண்டை கிடையாது, தண்ணிக்குப் போட்டி கிடையாது. நல்லதுதான். மர நிழல்ல செடி சாகுறது பாதி இருட்டால, பாதி பெரிய மரத்து வேர் உறிஞ்சுறதால. வெயில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"காலையில கொஞ்சம், அஞ்சு மணிக்கு மேல கொஞ்சம். நடுவுல பொட்டுப் பொட்டா."

"பொட்டு வெயில் போதும். எலுமிச்சை, கொய்யா, முருங்கை எல்லாம் வெயில்ல பொறந்த சாதி, அதுங்கள இருட்டுல வச்சது ஒங்க தப்பு. பெரிய காட்டுக்குள்ள பெரிய மரத்துக்குக் கீழயே பொறந்து வளந்த மரம்னு இருக்கு, அதத் தேடணும். காப்பி இருக்கு, கொக்கோ இருக்கு, பூவுக்குன்னா மனோரஞ்சிதம் இருக்கு, அசோகு இருக்கு, நிஜ அசோகு, ஸ்கூல் வாசல்ல ஈட்டிமாதிரி நிக்குமே அது இல்ல." பேசிக்கொண்டே நடந்தவள், பச்சை வலைக்குள் ஒரு மூலையில் நின்ற கன்றின் இலையைக் கிள்ளிக் கசக்கிக் குழல்வாய்மொழியின் மூக்கருகே நீட்டினாள். "இது ஜாதிக்காய். குழந்தையில வெயில் பட்டாக் கருகிப்போகும், நிழல்லதான் வளரும். ஆனா பூக்குற வயசு வந்தாத் தலைக்கு மேல வெளிச்சம் கேக்கும். அப்போ மேல இருக்குற மரத்துல ரெண்டு கிளைய வெட்டிவிடணும்."

"எத்தன வருசம் ஆகும்?"

"ஆறு, ஏழு. அதோட இது விதைக்கன்னு. ஆணா பெண்ணான்னு பூத்த பொறவுதான் தெரியும். பெண்ணா இருந்தாலும் பக்கத்துல ஆண் இருந்தாத்தான் காய்க்கும். ரெண்டு மூணா வாங்கிட்டுப் போறதுதான் வழக்கம். ஒங்களுக்கு எத்தன?"

"ஒண்ணு."

"ஒத்தையாவா?"

"எடம் அம்புட்டுத்தான் இருக்கு."

லில்லிபாய் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கன்றைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

ஜாதிக்காய்க் கன்றுக்கு அந்தக் குழி பிடித்துப்போயிற்று. அடர்ந்த பச்சையில் இலை விட்டது, அடுக்கடுக்காகக் கிளை விரித்தது, மூன்று வருடத்தில் அவள் தோளுக்கு வந்தது, ஐந்தாம் வருடம் சமையலறை ஜன்னலின் மேல்விளிம்பைத் தொட்டது. காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் அதனிடம் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருக்க ஒரு துணை கிடைப்பது பேசத் துணை கிடைப்பதைவிட அரிது என்று அவளுக்குத் தெரியும். சீட்டாடுகிறவர்கள் அதன் கிளையில் சட்டையைத் தொங்கவிட்டால் மட்டும் எழுந்துபோய் எடுத்துக் கொடுப்பாள்.

ஏழாம் வருடம் அது நின்றுபோயிற்று. துளிர் வரவில்லை. நுனி கிழக்காக வளைந்து, எட்டாத வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஐப்பசி மழையில் தண்டில் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. வந்து பார்த்த லில்லிபாய் பட்டையை நகத்தால் சுரண்டினாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல. மேல வெளிச்சம் வேணும். அடுத்த சாரலைத் தாங்காது இது."

ஊர்க்காவலன் அரிவாளோடு வந்தார். ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். ஏணி வந்ததும், அதை எதில் சாத்துவது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள், "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், அந்தா தெரியுதுல்லா" என்று கேலி செய்தார்கள். அவர் கோபப்படாமல் அரிவாளைச் சாக்கில் சுற்றினார்.

"வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. சொல்லித்தான் அனுப்பணும். பாதியா அனுப்ப முடியாது, முழுசாத்தான் போகும். அன்னைக்குப் பேர் சொன்னவங்க வாயாலதான் சொல்லணும்."

பெஞ்சில் கேலி நின்றது. அன்று சாயங்காலம் அவர்கள் ஏழெட்டுப் பேராகக் கதவருகே வந்து நின்றார்கள். பிச்சைக்கண்ணுதான் பேசினான்.

"யக்கா, ஒத்த மரத்துக்காவ இம்புட்டுப் பேரையும் வெயில்ல விட்றாதிய. பூத்தாலும் காய்க்காதுன்னு சொல்லுதாவ. செத்தாச் சாவட்டும். வேற நல்ல கன்னா நாங்க வாங்கித் தாறோம்."

"பாப்போம்" என்றாள். அவளுக்கும் மனமில்லை. அவர்கள் போய்விட்டால் அந்த ஆறு தம்ளர்களை என்ன செய்வது என்று யோசித்தாள். தை போயிற்று. ஒவ்வொரு காலையிலும் மரத்தடியில் விழுந்த இலைகளை எண்ணாமல் கூட்டித் தள்ளினாள்.

மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வெளியே எல்லாம் வழக்கம்போலக் கேட்டது. சீட்டுக் கலைக்கும் சத்தம், இஸ்திரிப் பெட்டியில் கரி கொட்டும் சத்தம், பூக்காரி யாரையோ வைது எல்லோரும் சிரிக்கும் சத்தம். பானையில் தண்ணீர் தீர்ந்தபோது யாரோ குழாயைத் திறந்து குடித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு குரல், "எக்ஸ்சேஞ்ச் அக்காவ எங்க, ஆளையே காணும்?" என்று கேட்டது. "உள்ள இருப்பாவ, நீ சீட்டப் போடு" என்றது இன்னொன்று. இரண்டு குரலும் யாருடையவை என்று அவளுக்குத் தெரிந்தது. முப்பத்தோரு வருடம் அவள் காதுக்குள் பேசியவர்களும் இப்படித்தான், ஒருவரையொருவர் கேட்டார்களே தவிர நடுவில் ஒருத்தி இருப்பதைக் கேட்டதில்லை. அதற்காக அவள் அவர்களிடம் கோபப்பட்டதும் இல்லை. படுக்கையிலிருந்து ஜன்னலில் தெரிந்தது ஜாதிக்காயின் ஒரு கிளை மட்டும்தான். அதிலிருந்து அந்த நான்கு நாளில் பதினோரு இலைகள் விழுந்தன. இந்தமுறை எண்ணினாள்.

நான்காம் நாள் சைனம்பு பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏக்கா, வாசல்ல ஒரு ஊரே உக்காந்திருக்கு, ஒரு வாய்க் கஞ்சி குடுக்க நாதி இல்லையா? எனக்கு ஒரு சத்தம் குடுத்தா என்ன?" என்று திட்டிக்கொண்டே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவங்கள வையாத. அவங்க நிழலுக்கு வந்தவங்க."

"நீங்க?"

"நானா? நான் மரம் நட்டவ."

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை உச்சிவேளையில், நிழல் சுருங்கி மரத்தடிக்குள் வட்டமாக நின்ற நேரத்தில், குழல்வாய்மொழி ஒரு சிறிய பானையில் பொங்கலும் ஒரு தேங்காயும் கொண்டுவந்து வைத்தாள். சீட்டு நின்றது. பிச்சைக்கண்ணு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தான். அவள், தொலைபேசியில் வெகுதூரத்து ஊரைக் கூப்பிடும் அந்தப் பழைய குரலில், அவசரமில்லாமல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நிழலே. அன்னைக்கு எல்லாரையும் சொல்லி ஒன்னச் சொல்லாம விட்டது என் தப்பு. இத்தன வருசமா நீ ஒரு குறையும் வைக்கல. இங்க ஒண்ணு வெளிச்சம் இல்லாம சாகுது. நீ நல்லா இரு, எடம் மாத்திக்கிடு."

பிறகு ஓரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. ஈரத்துணியைக் கொடியிலிருந்து எடுப்பதுபோல மெல்ல, சுருக்கம் விழாமல், நிழல் தன்னைச் சேர்த்துக்கொண்டு, பெஞ்சுகளின்மேல் ஏறி இறங்கி, ஆறு தம்ளர்களின்மேல் ஒரு கணம் தங்கி, கேட்டைத் தாண்டித் தெருவில் நடந்தது. தெருவே கூட நடந்தது. ஆட்டோக்காரர்கள் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டார்கள், பிச்சைக்கண்ணு வண்டியைத் தள்ளினான், பூக்கூடைகள் தலைக்கு ஏறின. நிழல் யாரையும் அவசரப்படுத்தாமல், பம்புரூம் தெருவைக் கடந்து, மாவரைக்கும் மில்லைக் கடந்து, கொல்லம் சாலையில் கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில், வெயிலில் சேலைத் தலைப்பைப் போர்த்தி நின்றிருந்த பெண்களின்மேல் போய் விரிந்துகொண்டது. அவர்கள் தலைப்பை இறக்கிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து பெஞ்சுக்கு இடம் விட்டார்கள்.

குழல்வாய்மொழி வாசல் கேட்டுவரைதான் போனாள்.

திடீரென்று வந்த வெயில் ஜாதிக்காயைச் சுட்டது. அவள் தென்னங்கீற்றை முடைந்து நாலு பக்கமும் தட்டி கட்டினாள், லில்லிபாய் சொன்னபடி வாரத்துக்கு ஒரு கீற்றாக உருவினாள், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். ஆனி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கியபோது வளைந்த நுனிக்குக் கீழே, நேராக வானத்தைப் பார்த்து, ஒரு துளிர் வந்தது. இரண்டு வருடம் கழித்துப் பூத்தது; வெளிறிய மஞ்சளில், மெழுகால் செய்த சின்னக் குடங்கள் மாதிரி, கொத்துக் கொத்தாக. கொத்தாகப் பூப்பது ஆண் மரம் என்று லில்லிபாய் சொன்னாள், ஒன்றும் தேறாது, வெட்டிவிட்டு வேறு வைக்கலாம் என்றாள். குழல்வாய்மொழி அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

அந்த ஆவணியில் ஒரு பிற்பகல், வேறு ஒரு வேலையும் இல்லாமல், நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவள் கொல்லம் சாலைக்கு நடந்தாள். பூத்திருக்கிறது என்று நிழலிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான். ஐந்து மணி ஆகப் போகிறது. நிழல் மெலியத் தொடங்கியிருந்தது. அதன் விளிம்புக்குள் அவள் காலை வைத்தாள். பழைய குளிர்ச்சி, கணுக்காலில் தொடங்கி மெல்ல ஏறியது. பெஞ்சுகளில் தெரியாத முகங்கள் பாதி, தெரிந்த முகங்கள் பாதி. அவள் வாயைத் திறப்பதற்குள் பிச்சைக்கண்ணு வண்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"யக்கா! பாத்து எத்தன நாளாச்சு! தென்காசிக்கா? இந்தா வண்டி வந்துட்டு, நில்லுங்க, நில்லுங்க!" என்று இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுச் சாலைக்கே ஓடி, இரண்டு கையையும் விரித்து, நிற்காமல் போகப் பார்த்த பஸ்ஸை நிறுத்தினான். "எக்ஸ்சேஞ்ச் அக்கா ஏறுதாவ, கொஞ்சம் பொறுங்க டிரைவர் அண்ணாச்சி!" எல்லோரும் வழிவிட்டார்கள். ஒரு பெண் அவள் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டாள். அவ்வளவு பேர் அவ்வளவு அன்பாக ஏற்றிவிடும்போது நான் எங்கும் போகவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் ஏறிக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். "இதுக்கா ஏறினிய?" என்றார் கண்டக்டர். வந்த வழியே திரும்பி நடந்தாள். பஸ் நிறுத்தம் தூரத்தில் தெரிந்ததும், தென்காசிக்குப் போனவள் அதற்குள் எப்படித் திரும்பினாள் என்று அவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஒரு வைக்கோல் லாரி மறைத்துக்கொண்டு போன நேரம் பார்த்து, லாரியின் ஓரமாகவே, வெயில் பக்கமாக, வேகமாக நடந்து போனாள்.